வன்னிப் பாடசாலைகளின் கணித, விஞ்ஞான வகுப்புகளுக்குத் துணை நிற்றல்: பட்டப்பின்படிப்பு மாணவருக்கான வழிகாட்டி

பட்டப்பின்படிப்பு மாணவர் ஒருவர் பாடசாலை வகுப்பறைக்குள் போவது ஆசிரியரின் இடத்தை நிரப்புவதற்காக அன்று. ஆசிரியர் தனித்து நின்று செய்ய முடியாத சில வேலைகளை இருவராக நின்று செய்து முடிப்பதற்காகவே. இதை மறந்து போகிறவர், வன்னியில் ஏற்கெனவே மூலைக்கு மூலை இருக்கும் ரியூசன் வகுப்புகளோடு இன்னொன்றைச் சேர்த்து, அதையும் பாடசாலை நேரத்துக்குள்ளேயே நடத்திவிட்டு வருவார். பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொள்வார்கள், நன்றியும் சொல்வார்கள். ஆனால் அடுத்த தவணையில் அந்த வகுப்பறையில் எதுவும் மாறியிருக்காது.

இந்த வேலைக்கு வேண்டிய ஆட்கள் வன்னிக்குள்ளேயே இருக்கிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழினுட்ப பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகின்றன. 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் பம்பைமடுவில் இருக்கிறது. அங்கெல்லாம் முதுமாணி, கலாநிதிப் பட்டங்களுக்காக மண்ணையும் நீரையும் நெல்லையும் சூரியக்கலங்களையும் ஆராய்கிறவர்கள், அரை மணி நேரப் பேருந்துப் பயணத் தொலைவில் இருக்கும் பாடசாலையொன்றின் ஆய்வுகூடம் பூட்டிக் கிடப்பதை அறியாமலே பட்டம் பெற்றுப் போய்விடக் கூடும். ஐக்கிய அமெரிக்காவில் தேசிய விஞ்ஞான மன்றம் 1999 இல் இதற்கெனவே ஒரு திட்டத்தைத் தொடங்கி, பட்டப்பின்படிப்பு மாணவருக்கு உதவித்தொகை கொடுத்துப் பாடசாலை வகுப்பறைகளுக்கு அனுப்பியது. பிள்ளைகளுக்குக் கிடைக்கும் பயனோடு, தம் ஆய்வைச் சாதாரண மனிதருக்கு விளங்கும்படி சொல்லும் திறன் அந்த மாணவர்களுக்கும் வளர வேண்டும் என்பது அத்திட்டத்தின் நோக்கங்களில் ஒன்று. நமக்கு உதவித்தொகை இல்லை. ஆகவே அங்கு போல வாரத்தில் பல மணி நேரம் ஒதுக்குவதாக வாக்களித்துவிட்டு, ஆய்வு முற்றும் காலத்தில் பாதியில் விட்டுப் போகாதீர்கள். வாரத்தில் ஒரு நாள், அதுவும் ஒரே நாள், ஒரு முழுக் கல்வியாண்டுக்கு என்று வைத்துக்கொள்வதே இயலக்கூடியது.

பாடசாலையைத் தெரிவுசெய்தல்

கிளிநொச்சி நகரத்திலோ வவுனியா நகரத்திலோ உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள ஒன்று ஏபி பாடசாலையைத் தேர்ந்தெடுப்பது இலகு. போக்குவரத்து வசதி உண்டு, ஆய்வுகூடம் உண்டு, பிள்ளைகளும் ஆர்வத்தோடு கேள்வி கேட்பார்கள். ஆனால் உங்கள் ஒரு நாள் அங்கே பெரிதாக எதையும் மாற்றப் போவதில்லை. ஏ9 வீதியை விட்டு உள்ளே போனால், துணுக்காய், ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, கண்டாவளை, முழங்காவில் பக்கங்களில் தரம் 11 வரை மட்டும் உள்ள பாடசாலைகளில், ஒரே ஆசிரியர் தரம் 6 முதல் 11 வரை விஞ்ஞானம் முழுவதையும் படிப்பிக்கும் நிலை இருக்கக் கூடும். அப்படிப்பட்டவருக்குச் செய்முறைக்கு ஆயத்தம் செய்ய நேரமே இராது. உங்கள் தேவை அங்கேதான்.

தெரிவுசெய்யும்போது பேருந்தைப் பற்றியும் நேர்மையாகக் கணக்கிடுங்கள். பாடசாலை காலை 7.30 க்குத் தொடங்கும். பிரார்த்தனைக் கூட்டம் முடிந்தபின் வந்து சேரும் விருந்தாளியை எந்த அதிபரும் இரண்டாம் முறை விரும்பமாட்டார். மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் காட்டோர வீதிகளில் மாலை இருளுமுன் திரும்பிவிட வேண்டும். யானை குறுக்கிடும் வீதிகள் எவை என்பதை ஊரவரிடம் கேட்டு வைத்திருப்பது நல்லது.

அனுமதி

முதலில் உங்கள் மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். அவர் மனம் ஒப்பாத வேலை இரண்டு மாதத்துக்கு மேல் நிற்காது. பிறகு துறைத்தலைவரின் கடிதத்தோடு வலயக் கல்விப் பணிமனைக்குச் சென்று, என்ன நாள், எந்தத் தரம், எந்த ஆசிரியருடன் என்பதை எழுத்தில் கொடுத்து அனுமதி பெறுங்கள். அந்த வலயத்தின் கணித அல்லது விஞ்ஞான ஆசிரிய ஆலோசகரை அப்போதே சந்திப்பது மிகவும் பயன் தரும். எந்தப் பாடசாலையில் ஆசிரியர் உதவியை விரும்புவார், எங்கே அதைக் குறை காண வந்ததாக எடுத்துக்கொள்வார் என்பதை அவர் அறிவார். அதிபரைக் கடைசியாகச் சந்தித்தாலும், வகுப்புக்குள் போகுமுன் அவரிடம் ஒரு விடயத்தைத் தெளிவாகக் கேளுங்கள்: உங்களைப் பிள்ளைகளுக்கு யார் என்று அறிமுகப்படுத்துவார்? ‘கம்பஸில் இருந்து வந்த சேர்’ என்று அறிமுகமானால் ஆசிரியரின் தரம் ஒரு படி இறங்கிவிடும். ‘எங்கள் விஞ்ஞான ரீச்சருக்கு உதவியாக வருகிறார்’ என்பதே சரி. பிள்ளைகள் உங்களை அண்ணா, அக்கா என்று அழைத்தால் அதை மறுக்க வேண்டியதில்லை. அந்த நெருக்கத்தில் கேட்கப்படும் கேள்விகள் ‘சேர்’ என்று அழைத்துக் கேட்கப்படுவதில்லை.

கணித ஆசிரியரே இல்லாத பாடசாலையில் அதிபர் வகுப்பை முழுவதுமாக உங்களிடம் ஒப்படைக்க முயல்வார். அவருடைய நெருக்கடி உண்மையானது, ஆனாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். வாரத்தில் ஒரு நாள் வருகிறவர் வகுப்பைப் பொறுப்பேற்றால், மற்ற நான்கு நாளும் வெற்றுப் பாடவேளைகள் என்ற உண்மை மறைந்துபோகும். வெற்றிடம் நிரம்பிவிட்டது என்று பணிமனையும் எண்ணிக்கொள்ளும்.

முதல் வாரங்கள்: பின்வரிசையில் இருத்தல்

முதல் இரண்டு, மூன்று வாரங்கள் பின்வரிசையில் இருந்து பாருங்கள். ஆசிரியரின் குறிப்பு எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காக அன்று. பிள்ளைகளின் கைகளைப் பார்ப்பதற்காக. யார் பலகையில் விடை வரும்வரை பேனையை எடுக்கவில்லை, யார் பக்கத்துக் கொப்பியைப் பார்க்கிறார், யாரிடம் கவராயமும் பாகைமானியும் இல்லை என்பதெல்லாம் முன்னால் நின்று படிப்பிக்கிறவருக்குத் தெரிவதில்லை. காலபோக அறுவடை நாட்களில் வரவு குறைவதையும், கரையோரக் கிராமங்களில் சில பையன்கள் அதிகாலையில் கடற்கரைக்குப் போய்விட்டு வகுப்பில் தூங்கி விழுவதையும் குறித்துக்கொள்ளுங்கள். முக்கியமான செய்முறையை அந்த வாரங்களில் வைத்தால் அதைப் பார்க்க வேண்டிய பிள்ளையே வகுப்பில் இராது.

இந்த வாரங்களிலேயே பாடநூலையும் தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டியையும் முழுமையாக வாசித்து முடியுங்கள். ஆங்கிலத்தில் பட்டம் படித்த உங்களுக்கு ஆர்முடுகல், அமுக்கம், மூலகம், ஒட்சியேற்றம், தான்சன் போன்ற சொற்கள் நாவில் வராமல் தடுமாறக் கூடும். தமிழ்நாட்டுக் காணொளிகளில் இருந்து ஆயத்தம் செய்தால் சிக்கல் இன்னும் கூடும்; பரீட்சை வினாத்தாளில் பிள்ளை காணப் போகிற சொல் நம் பாடநூலில் உள்ளதே. ஒவ்வோர் அலகுக்கும் ஒரு பக்கச் சொற்பட்டியல் எழுதி வைத்துக்கொண்டால் போதும்.

கணிதம்: எங்கே அறுந்தது என்று தேடுதல்

க.பொ.த. சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடையாத பிள்ளைக்கு உயர்தரத்தின் வாசல் ஏறத்தாழ மூடியே இருக்கும். ஆகவே தரம் 10, 11 கணித ஆசிரியர்கள் கடந்தகால வினாத்தாள்களோடு ஓடிக்கொண்டிருப்பார்கள். அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் தரம் 11 இல் இருபடிச் சமன்பாட்டில் விழுகிற பிள்ளை, பெரும்பாலும் தரம் 7 இல் பின்னத்திலோ திசைகொண்ட எண்ணிலோ விழுந்து எழும்பாமல் வந்த பிள்ளைதான். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஆசிரியருக்கு நேரம் இல்லை. உங்களுக்கு இருக்கிறது.

புள்ளி போடாத, பெயர் எழுதவும் தேவையில்லாத, பத்து வினாக்கள் கொண்ட ஒரு தாளை ஆயத்தம் செய்யுங்கள். மூன்றில் இரண்டையும் நாலில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் ஏழில் மூன்று என்று வரும் விடை, பின்னம் என்பது ஒரே எண் என்ற எண்ணமே பிள்ளைக்கு உருவாகவில்லை என்று காட்டுகிறது. மேலும் கீழுமாக இரண்டு எண்களைத் தனித்தனியே கூட்டியிருக்கிறது. −3−5 இற்கு 8 என்று எழுதியிருந்தால், ‘இரண்டு சய சேர்ந்தால் சக’ என்ற பெருக்கலின் விதியைப் பிள்ளை கூட்டலுக்குக் கொண்டுவந்துவிட்டது. 0.2 ஐ 0.3 ஆல் பெருக்கி 0.6 என்று எழுதுவதும், அடைப்புக்குள் உள்ள இரண்டு உறுப்புகளின் கூட்டுத்தொகையை வர்க்கிக்கும்போது நடு உறுப்பைக் கைவிடுவதும் இதே வகை. தாள்களைச் சரி, பிழை என்று பிரிக்காமல், ஒரே மாதிரிப் பிழைகளை ஒரே கட்டாகக் கட்டுங்கள். முப்பது பேர் கொண்ட வகுப்பில் பெரும்பாலும் நான்கைந்து கட்டுகளுக்கு மேல் வராது. அந்தக் கட்டுகளை ஆசிரியர் முன் வைத்து, இருவருமாக எதை முதலில் எடுப்பது என்று முடிவுசெய்யுங்கள். பிறகு ஆசிரியர் வழக்கம்போல் பாடம் நடத்த, பாடவேளையின் கடைசிப் பதினைந்து நிமிடம் ஒவ்வொரு கட்டையும் சேர்ந்த ஐந்தாறு பிள்ளைகளோடு நீங்கள் ஒரு மேசையில் இருந்து வேலை செய்யலாம். ஒரு பாடவேளை குறுகியதுதான். அதற்குள் இதைவிட அதிகமாக முயலாதீர்கள்.

பிள்ளைகளிடம் ‘விளங்குதா?’ என்று கேட்பதைக் கைவிடுங்கள். வன்னியின் எந்த வகுப்பிலும் அதற்கு ‘ஓம்’ என்ற ஒரே விடைதான் ஒரே குரலில் வரும். அதற்குப் பதிலாக, சற்று முன் செய்ததைப் போன்ற இன்னொன்றைச் செய்து காட்டச் சொல்லுங்கள், அல்லது பிழையாகச் செய்த ஒரு கணக்கைப் பலகையில் எழுதி, எந்த வரியில் பிழைத்தது என்று கேளுங்கள். கேட்டபின் மனத்துக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருங்கள். அந்த ஐந்து வினாடி மிக நீளமாகத் தோன்றும். மெல்லப் பேசுகிற பிள்ளை வாய் திறப்பது அதற்குப் பிறகுதான்.

சூழலைக் கணக்குக்குள் கொண்டுவருவது பற்றி எல்லோரும் சொல்வார்கள். கடைகளில் மாம்பழம் வாங்கும் கணக்கில் ஊர்ப் பெயரைச் சேர்த்தால் அது சூழல் ஆகிவிடாது. கணக்கின் விடையை யாராவது உண்மையில் அறிய விரும்ப வேண்டும். ஓர் ஏக்கர் ஏறத்தாழ 4047 சதுர மீற்றர். அதில் 25 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழுந்த நீர் எவ்வளவு என்று கேளுங்கள். ஏறத்தாழ 101 கன மீற்றர், அதாவது 101,000 லீற்றர்; கோடையில் ஊருக்கு வரும் 5000 லீற்றர் தண்ணீர் பவுசரில் இருபது தடவை. வயல் செய்கிற வீட்டுப் பிள்ளை இந்த விடையை நம்ப மறுத்து மறுபடி செய்து பார்க்கும். நீர்ப்பாசனத் திணைக்களம் பயன்படுத்தும் ஏக்கர்-அடி என்ற அலகை (ஓர் ஏக்கரை ஓர் அடி உயரத்துக்கு மூடும் நீர், ஏறத்தாழ 1233 கன மீற்றர்) பிள்ளைகளையே கணித்துக் கண்டுபிடிக்கச் சொல்வது, அலகுமாற்றத்துக்குப் பாடநூலில் உள்ள எந்தப் பயிற்சியையும்விட நல்லது என்பது என் எண்ணம்.

திரிகோண கணிதத்துக்குப் பனை போதும். பாகைமானியின் நடுவில் நூல் கட்டி ஒரு சிறு பாரத்தைத் தொங்கவிட்டால் ஏற்றக்கோணம் அளக்கும் கருவி ஆயத்தம். அடியிலிருந்து 15 மீற்றர் தள்ளி நின்று பார்த்த ஏற்றக்கோணம் 35 பாகை, கண்மட்டம் 1.5 மீற்றர் என்றால், தான்சன் அட்டவணைப்படி பனையின் உயரம் 12 மீற்றர். இங்கே நிறுத்திவிடாதீர்கள். மற்றக் குழு 36 பாகை என்று வாசித்திருந்தால் உயரம் 12.4 மீற்றர் ஆகிவிடும். ஒரு பாகைக்கு 40 சென்ரிமீற்றர் வேறுபாடு. யாருடைய விடை சரி என்ற சண்டை எழும்பும். அளவீட்டில் வழு என்பது தவறு செய்வதல்ல, கருவியின் எல்லை என்பதை ஆராய்ச்சி செய்கிற ஒருவர் அந்த இடத்தில் சொன்னால்தான் அது பதியும்.

விஞ்ஞானம்: பெட்டிக்குள் இருப்பதை வெளியே எடுத்தல்

எந்த ஆய்வுகூடத்திலும் முதல் வேலை, இருக்கும் உபகரணங்களைப் பிள்ளைகள் இருவர் மூவரோடு சேர்ந்து எடுத்துத் துடைத்து, இயங்குபவை எவை என்று பட்டியல் போடுவது. பல பாடசாலைகளில் அம்பியர்மானிகள் பெட்டியிலிருந்து வெளியே வராததற்குக் காரணம், உடைந்தால் பதிவேட்டில் யார் கையொப்பமிடுவது என்ற அச்சமே. அதிபருடன் இதைப் பேசி, செய்முறையில் உடைவது இயல்பு என்ற இணக்கத்தைப் பெற்றுக்கொடுப்பது, நீங்கள் நடத்தும் பத்துச் செய்முறைகளைவிட ஆசிரியருக்குப் பெரிய உதவி.

ஒவ்வொரு செய்முறையையும் முதல் நாளே செய்து பாருங்கள். ஓமின் விதியை எடுத்துக்கொள்வோம். 100 ஓம், அரை வாற்றுத் தடையி ஒன்றோடு உலர்கலங்களை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு எனத் தொடராக இணைத்தால், 1.5 வோல்ற்றிலிருந்து 6 வோல்ற்று வரை ஏறத்தாழ 15, 30, 45, 60 மில்லிஅம்பியர் கிடைக்கும். வரைபு நேர்கோடாக வரும். கையில் அகப்பட்ட கால் வாற்று, 10 ஓம் தடையியைப் போட்டால் இரண்டாவது கலத்திலேயே அது சூடேறிக் கருகத் தொடங்கும். கலங்கள் பழையவையாக இருந்தால் வாசிப்புகள் குறையும். அது குறையென்று எண்ணாமல் வோல்ற்றுமானியால் உண்மையான அழுத்த வேறுபாட்டை வாசிக்கச் செய்யுங்கள். பின்பு தடையியை எடுத்துவிட்டு ரோச் மின்குமிழைப் போடச் சொல்லுங்கள். கோடு வளையும். ஏன் வளைகிறது என்பதை உடனே சொல்லாமல் விடுவதற்கு மனக்கட்டுப்பாடு வேண்டும். இழை சூடாகும்போது அதன் தடை கூடுகிறது என்பதை ஒரு பிள்ளையாவது ஊகிக்கும்வரை காத்திருங்கள்.

நம் நிலத்துக்கே உரிய செய்முறை நீரின் வன்மை. வன்னியின் பல கிணறுகளின் நீரைக் கொதிக்கவைத்தால் கேத்தலின் அடியில் வெண்படை படியும். அது பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. பிள்ளைகளை ஆளுக்கொரு போத்தலில் வீட்டுக் கிணற்று நீரைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு போத்தல் மழைநீரும் வேண்டும். ஒவ்வொன்றிலும் 10 மில்லிலீற்றரைச் சோதனைக்குழாயில் எடுத்து, சவர்க்காரக் கரைசலைத் துளி துளியாக விட்டுக் குலுக்கி, நுரை ஒரு நிமிடம் நிற்பதற்கு எத்தனை துளி வேண்டும் என எண்ணச் செய்யுங்கள். உண்மையான சவர்க்காரமே வேண்டும். சலவைத் தூளும் ஷாம்பூவும் வன்னீரிலும் நுரைப்பதால் சோதனை பழுதாகும். கொதிக்கவைத்து வடித்த நீரில் துளிகள் குறைந்தால் அந்த அளவு தற்காலிக வன்மை; மிஞ்சுவது நிரந்தர வன்மை. பூநகரி போன்ற கரையோரக் கிணறுகளில் உவர்த்தன்மையும் நுரையைக் கெடுக்கும் என்பதை மறவாதீர்கள். ஒன்றில் மட்டும் மிகவும் கவனமாக இருங்கள்: இந்தப் பகுதிகளில் சிறுநீரக நோயைக் குடிநீரோடு தொடர்புபடுத்தும் அச்சம் உண்டு. துளிக்கணக்கைக் கொண்டு ‘உன் கிணறு கூடாது’ என்று எந்தப் பிள்ளையையும் வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். இந்தச் சோதனை வன்மையை ஒப்பிடுகிறது, நோயைப் பற்றி எதையும் சொல்லாது என்பதைத் தொடங்குமுன்பே சொல்லிவிடுங்கள்.

அமிலங்களோடு செய்பவற்றை ஆசிரியர் அருகில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். பல்கலைக்கழகக் களஞ்சியத்திலிருந்து எந்த இரசாயனத்தையும் கைப்பையில் கொண்டுவராதீர்கள்.

வன்னியில் கவனிக்க வேண்டியவை

இன்று சாதாரண தர வகுப்புகளில் இருப்பவர்கள் 2009 இல் போர் முடிந்ததை அடுத்துப் பிறந்தவர்கள். அவர்களுக்குப் போர் நினைவில் இல்லை, வீட்டில் இருக்கிறது. தந்தையோ மாமனோ காணாமல் ஆக்கப்பட்டவராக, அல்லது அவயவம் இழந்தவராக இருக்கலாம். ‘அப்பா என்ன வேலை?’ என்று வகுப்பில் சுற்றிக் கேட்கும் அறிமுக வழக்கத்தைத் தவிருங்கள். பிறப்புரிமையியல் அலகில் குடும்ப இயல்புகளைப் பட்டியலிடும் செயற்பாட்டையும் வீட்டுக்குக் கொடுக்காதீர்கள். காதுச்சோணை, நாக்கைச் சுருட்டுதல் போன்றவற்றை வகுப்பில் உள்ளவர்களிடையே எண்ணினாலே போதும்.

வெளிக்களச் செயற்பாடுகளுக்குப் பாடசாலை வளவும், மக்கள் அன்றாடம் புழங்கும் குளக்கட்டும் வயல் வரம்பும் போதுமானவை. கண்ணிவெடி அகற்றல் இன்னும் முற்றுப்பெறாத இடங்கள் இருப்பதால், தாவரம் சேகரிக்கவோ மண் மாதிரி எடுக்கவோ பற்றைக்காட்டுக்குள் பிள்ளைகளைக் கூட்டிச் செல்லக் கூடாது. உங்கள் சொந்த ஆய்வுக்காக நீங்கள் போய்ப் பழகிய இடமாக இருந்தாலும் இதே விதிதான்.

எந்தப் பிள்ளையோடும் தனியறையில் இருக்காதீர்கள். கைப்பேசி இலக்கத்தைப் பரிமாறாதீர்கள். வாட்ஸப் குழு வேண்டுமானால் ஆசிரியர் நடத்தும் குழுவில் அவர் மூலமாகவே அனுப்புங்கள். துன்புறுத்தலைப் பற்றிப் பிள்ளை ஏதாவது சொன்னால், தாமே தீர்க்க முனையாமல் அதிபருக்கு அறிவியுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கமும் இருக்கிறது. அந்த வகுப்புப் பிள்ளைகளுக்குப் பணம் பெற்று மாலை வகுப்பு நடத்துவதை முற்றாகத் தவிருங்கள். பெற்றோர் வற்புறுத்திக் கேட்பார்கள் என்பதையும் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

உங்கள் ஆய்வைச் சொல்லுதல், ஒப்படைத்துச் செல்லுதல்

தவணைக்கு ஒரு தடவை, பத்து நிமிடம், உங்கள் ஆய்வைப் பற்றிப் பேசுங்கள். வண்ணத் திரைப்படவில்லைகள் வேண்டாம். ஆய்வுக் குறிப்பேட்டைக் கொண்டுவந்து, வெட்டி எழுதிய பக்கங்களையும் பொருந்தாத வாசிப்புகளையும் காட்டுங்கள். பாடநூலில் எல்லாப் பரிசோதனையும் வெற்றியாகவே முடிவதைக் கண்டு பழகிய பிள்ளைக்கு, கம்பஸ் வரை போனவரும் ஒரே அளவீட்டை மறுபடி மறுபடி எடுக்கிறார் என்பது புதிய செய்தி. அவர்களில் ஒருவரேனும் நீங்கள் எதிர்பாராத கேள்வியைக் கேட்டால், விடை தெரியாதபோது தெரியாது என்றே சொல்லி, அடுத்த கிழமை தேடி வந்து சொல்லுங்கள்.

ஒவ்வொரு நாளும் போகும்போது ஆசிரியரும் நீங்களும் சேர்ந்து ஒரு கொப்பியில் அரைப் பக்கம் எழுதி வையுங்கள்: என்ன செய்தோம், எந்த உபகரணம் தேவைப்பட்டது, எங்கே பிழைத்தது, எந்தப் பிழைக்கட்டு இன்னும் மீதம். அந்தக் கொப்பி பாடசாலையிலேயே இருக்க வேண்டும். சாதாரண தரப் பரீட்சையின் மாதம் ஆண்டுக்கு ஆண்டு மாறி வந்திருப்பதால், தவணைத் தொடக்கத்திலேயே அதிபரிடம் திகதிகளைக் கேட்டு, பரீட்சைக்கு முந்திய வாரங்களில் புதிய செய்முறை எதையும் தொடங்காதீர்கள். ஆண்டு முடியும்போது உங்கள் துறையிலிருந்து அடுத்து வரப் போகிறவரை ஒரு நாள் கூட்டிச் சென்று ஆசிரியரிடம் அறிமுகப்படுத்துங்கள். ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போயிருந்தால், கொப்பியை விஞ்ஞானப் பகுதித் தலைவரிடமோ பிரதி அதிபரிடமோ கையளித்துவிட்டு வாருங்கள்.